30 கோட்டில் இருந்து 8கே வரை: டிவி வாங்கும் முன் உங்க கண்ணையும் ஒரு வார்த்தை கேளுங்க

கொஞ்சம் நீளமான இழை இது. பண்டிகை ஆஃபர் சீசன் வந்தா ஓபியில் இருமல் சளிக்கு அடுத்தபடியா நான் கேட்கிற கேள்வி, "டாக்டர், 4கே டிவி வாங்கினா கண்ணுக்கு நல்லதாமே?" இப்போ அது 8கே-க்கு வந்து நிற்குது.

நான் கண் மருத்துவர் இல்லை. எம்பிபிஎஸ் முடித்த சாதா அரசு மருத்துவர். ஆனாலும் இதுக்கான பதிலில் பாதி எம்பிபிஎஸ் கண் பாடத்திலேயே இருக்கு. மீதி பாதி டிவியின் வரலாற்றில் இருக்கு. ரெண்டையும் சேர்த்துச் சொல்றேன்.

முதல்ல கண். கண் பரிசோதனை அறையில் சுவரில் தொங்குமே, மேல பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து, அந்த அட்டை. 1862ல் நெதர்லாந்தின் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் செய்தது. 6 மீட்டர் தள்ளி நின்னு நீங்க படிக்க வேண்டிய '6/6' வரிசை எழுத்தின் உயரம் ஏறக்குறைய 8.7 மில்லிமீட்டர். அதில் ஒரு கோட்டின் தடிமன் அதில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தத் தடிமன் கண்ணில் உண்டாக்கும் கோணம் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. கலைச்சொல் 'ஆர்க் நிமிடம்'. அதைவிடச் சின்னதா இருக்கிற ரெண்டு புள்ளியை 6/6 கண்ணால் தனித்தனியா பிரிச்சுப் பார்க்க முடியாது. ஒண்ணாத்தான் தெரியும்.

இந்த ஒரு அளவை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. டிவியின் நூறு வருஷக் கதையை இதை வச்சே அளந்துடலாம்.

1926 ஜனவரி 26. லண்டன் சோஹோ பகுதியில் ஒரு மாடி அறை. ஜான் லோகி பேர்ட் தன் இயந்திரத்தை ராயல் இன்ஸ்டிடியூஷன் உறுப்பினர்களுக்குப் போட்டுக் காட்டுறார். படத்தில் மொத்தம் 30 கோடு. ஒரு முகம் தெரிஞ்சது, வாய் அசையறது தெரிஞ்சது. அவ்ளோதான். அதுக்கே உலகம் வாயைப் பிளந்தது.

பத்து வருஷம் கழிச்சு, 1936 நவம்பர் 2ல் பிபிசி லண்டன் அலெக்ஸாண்ட்ரா அரண்மனையில் இருந்து முறையான ஒளிபரப்பைத் தொடங்கியது. ரெண்டு முறைகளுக்கு நேரடிப் போட்டி. பேர்டின் 240 கோடு ஒரு பக்கம், மார்கோனி இஎம்ஐ-யின் 405 கோடு மறுபக்கம். மாத்தி மாத்தி ஒளிபரப்பிப் பார்த்தாங்க. 1937 தொடக்கத்திலேயே பேர்ட் தோத்துட்டார்.

இதில் ரசிக்க வேண்டிய விஷயம், அந்த 240 கோட்டுக்கே அப்போ அதிகாரப்பூர்வமா வச்ச பேர் 'ஹை டெஃபனிஷன்'. ஆமாங்க, எச்டி. இந்த வார்த்தைக்குக் கிட்டத்தட்ட தொண்ணூறு வயசு. ஒவ்வொரு தலைமுறைக்கும் புதுசா விற்கப்படுது.

சரி, 405 கோடு மோசமா இருந்ததா? கணக்குப் போட்டுப் பாருங்க. அன்றைய டிவியின் குழாய் சுமார் 12 இன்ச். படத்தின் உயரம் சுமார் 8 இன்ச். 405ல் உண்மையில் படம் வருவது 377 கோட்டில். ஒரு கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் சொச்சம். 6 அடி தள்ளி உட்கார்ந்தா அது சரியா ஒரு ஆர்க் நிமிடம். 1936லேயே, அந்தச் சின்னத் திரைக்கு, 6/6 கண்ணின் எல்லையைத் தொட்டுட்டாங்க! பிரிட்டன் இந்த 405 கோட்டை முழுசா நிறுத்தினது எப்போ தெரியுமா? 1985ல்.

(ஒரு சின்ன இடைச்செருகல். 405, 525, 625, 819 ஏன் இப்படி வினோதமான எண்கள்? அன்றைய வால்வு சர்க்யூட்டால் சின்னச் சின்ன எண்களால் மட்டுமே ஒழுங்கா வகுக்க முடியும். 405 என்பது நாலு 3-ம் ஒரு 5-ம் பெருக்கினது. 625 என்பது நாலு 5 பெருக்கினது. மத்ததை நீங்க பிரிச்சுப் பாருங்க.)

அடுத்து வருவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கதை. பிரான்ஸ்.

போர் முடிஞ்ச பிறகு ஒவ்வொரு நாடும் கோடு எண்ணிக்கையை முடிவு செய்யுது. அமெரிக்கா 1941லேயே 525 என்று முடிவெடுத்தாச்சு. ஐரோப்பாவில் பெரும்பாலானோர் 625 பக்கம் சாய்றாங்க. பிரான்ஸ் மட்டும் 'நாங்க எல்லாரையும் விட உசத்தி' என்று 819 கோட்டைப் பிடிச்சாங்க. 1948ல் அந்த அரசாணையில் கையெழுத்துப் போட்டவர், பின்னாளில் பிரான்ஸின் அதிபரான பிரான்சுவா மித்தரான். அப்போ அவர் தகவல் துறையைப் பார்த்துக்கிட்டு இருந்தார்.

படம் நிஜமாவே அருமை. ஆனா கோடு கூடினா தகவல் கூடும், தகவல் கூடினா அலைவரிசை கூடும். 625 கோட்டுச் சேனலுக்கு 7, 8 மெகாஹெர்ட்ஸ் போதும். பிரான்ஸின் 819 கோட்டுச் சேனலுக்கு 14 மெகாஹெர்ட்ஸ். ஒரு வீட்டு மனையில் ரெண்டு வீட்டு இடத்தை ஒருத்தரே அடைச்சுக்கிட்ட மாதிரி. பெல்ஜியமும் லக்சம்பர்கும் இதே 819ஐ எடுத்துக்கிட்டாங்க, ஆனா அவங்ககிட்ட இடம் இல்லை. 7 மெகாஹெர்ட்ஸுக்குள்ள திணிச்சாங்க. பேருக்கு 819 கோடு, படத்தில் அந்தக் கூர்மை கிடையாது. இன்னைக்கு நம்ம வீட்டு இணையத்தில் '4கே' என்று எழுதி வரும் பல படங்களை நினைச்சுக்கிட்டேன்.

1964ல் பிரான்ஸ் தன் ரெண்டாவது சேனலைத் தொடங்கும்போது 819ஐக் கைவிட்டு 625க்கே போயிடுச்சு. பழைய முதல் சேனலின் 819 கோடு 1980களின் முதல் பாதி வரை இழுத்துக்கிட்டுக் கிடந்து நின்னுபோச்சு. பிரான்ஸ் வீடுகளில் யாரும் "ஐயோ கோடு குறைஞ்சு போச்சே" என்று தெருவில் இறங்கலை. வீட்டில் இருந்தது சின்ன டிவி, உட்கார்ந்தது எட்டு அடி தள்ளி. கண்ணுக்கு எட்டாத கோட்டுக்கு நாடே முப்பது வருஷம் காசு கொடுத்தது என்பது என் கருத்து.

நம்ம ஊருக்கு வருவோம். 1959ல் டெல்லி, 1975ல் சென்னை, எல்லாமே 625 கோடு. 1982ல் கலர். 2006க்குப் பிறகு தமிழ்நாடு அரசு வீடு வீடா கொடுத்த இலவசக் கலர் டிவி ஞாபகம் இருக்கா? 14 இன்ச். அந்தச் சின்னத் திரையில் 625 கோட்டுப் படத்தை நாலேகால் அடி தாண்டி உட்கார்ந்து பார்த்தா கோட்டைத் தனியா பிரிக்கவே முடியாது. தொல்லை கொடுத்தது கேபிளில் வந்த புள்ளியும் நிழல் விழுந்த படமும்தான்.

அப்போ எச்டி எதுக்கு வந்தது? இங்கதான் ஜப்பான்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச கையோட ஜப்பானின் என்எச்கே, அடுத்த தலைமுறை டிவிக்கு ஆராய்ச்சியைத் தொடங்கினாங்க. அவங்க அணுகின விதம் ஒரு மருத்துவரா எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'எத்தனை கோடு போடலாம்' என்பதற்கு முன்னாடி, 'படம் பார்வையில் எவ்வளவு அகலத்தை நிறைத்தா அங்கேயே இருக்கிற உணர்வு வரும்' என்று மனுஷங்களை வச்சே சோதிச்சாங்க. சாய்ந்த படத்தைப் பெரிய திரையில் காட்டி, பார்க்கிறவங்களுக்குத் தங்கள் நேர்கோடே சாயற மாதிரி இருக்கா என்று அளந்தாங்க. 20 டிகிரியில் அந்த உணர்வு தொடங்குது, 30 டிகிரியில் நல்லாவே இருக்கு.

30 டிகிரி அகலம் வேணும்னா படத்தின் உயரத்தைப் போல் 3 மடங்கு தூரத்தில் உட்காரணும். அந்த நெருக்கத்தில் கோடு தெரியாம இருக்க ஆயிரத்துச் சொச்சம் கோடு தேவை. அப்படிக் கணக்குப் பண்ணித்தான் 1125 கோடு வந்தது. இன்றைய 1920க்கு 1080 முழு எச்டி அதன் வாரிசு. அதாவது எச்டி என்பது பழைய டிவியை அதே நாற்காலியில் இருந்து இன்னும் கூர்மையா பார்க்க வந்தது இல்லை. நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட வந்தது.

நாம நாற்காலியை இழுத்தோமா? அமெரிக்காவில் ஆர்சிஏ ஆய்வகத்தின் பெர்னார்ட் லெக்னர் வீடுகளில் அளந்தப்போ ஜனங்க உட்கார்ந்தது 9 அடியில். ஐரோப்பாவில் பிலிப்ஸ் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஜாக்சன் சொன்னது 3 மீட்டர், அதாவது 10 அடிக்குக் கிட்ட. சோபா சுவரோரம்தான் இருக்கும், டிவி எதிர்ச் சுவரில்தான் இருக்கும். நம்ம வீட்டு ஹாலும் இதே கதைதானே?

என்எச்கே அதோட நிற்கலை. 1995ல் அடுத்த ஆராய்ச்சி. அதுதான் 8கே. 7680க்கு 4320, மொத்தம் 3 கோடியே 31 லட்சம் புள்ளி. 2018 டிசம்பர் 1ல் ஜப்பானில் ஒளிபரப்பே தொடங்கிட்டாங்க. இதன் கணக்கு என்ன? 100 டிகிரி அகலம். அதுக்கு உட்கார வேண்டிய தூரம் படத்தின் உயரத்தில் முக்கால் பங்கு. 85 இன்ச் டிவின்னா இரண்டரை அடிக்குக் கொஞ்சம் மேல. அடுப்பு முன்னாடி உட்கார்ற தூரம். அரங்கத்துக்கு அது அற்புதமான விஷயம். 2005 ஐச்சி உலகக் கண்காட்சியில் 600 இன்ச் திரையில் காட்டினாங்க. ஹாலில் சோபாவில் சாய்ஞ்சு முறுக்கு சாப்பிடறவருக்கு அது எதுக்கு?

இதை யாராவது முறையா சோதிச்சாங்களா என்று நீங்க கேட்கணும். நானும் கேட்டேன். 2020ல் வார்னர் பிரதர்ஸ் முன்னின்று, பிக்ஸார், அமேசான், எல்ஜியும் சேர்ந்து ஒரு சோதனை. அதுவும் டபுள் பிளைண்ட். மருந்துச் சோதனையில் செய்வோமே, எது எதுன்னு பார்க்கிறவருக்கும் தெரியாது, நடத்துறவருக்கும் தெரியாது. 139 பேர், 88 இன்ச் 8கே டிவி. 5 அடியிலும் 9 அடியிலும் உட்கார வச்சு 4கே-யையும் 8கே-யையும் காட்டினாங்க. பெரும்பாலானோர் ரெண்டும் ஒண்ணுதான் என்றாங்க. 5 அடியில் உட்கார்ந்த, ரொம்பக் கூர்மையான பார்வை உள்ளவங்களுக்கு மட்டும் 8கே கொஞ்சம் மேலாத் தெரிஞ்சது. நடத்தினவங்களில் ஒருத்தர் டிவி விற்கிறவர் என்பதையும் கவனிங்க.

இப்போ ஒரு நேர்மையான மறுப்பையும் சொல்லிடறேன். '6/6 தான் கண்ணின் உச்ச வரம்பு, அதனால் 4கே சுத்த ஏமாத்து' என்று சிலர் எழுதுறாங்க. அது தப்பு. 6/6 என்பது 'இயல்பு' என்று சொல்ல வச்ச கோடு, உச்சம் இல்லை. நல்ல இளவயசுக் கண் 6/5, 6/4 கூடப் படிக்கும். 2025ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் மெட்டாவும் சேர்ந்து செய்த ஆய்வில், ஒரு டிகிரிக்குள் 94 புள்ளி வரை கறுப்பு வெள்ளையில் பிரித்துணர முடியும் என்று வந்தது. ஸ்னெல்லன் கணக்கில் அது 60. அதே ஆய்வில் சிவப்பு பச்சை 89, மஞ்சள் ஊதா வெறும் 53.

அந்த 53 ஏன் என்று மருத்துவம் படிச்சவங்களுக்குப் புரியும். விழித்திரை நடுவில் ஃபோவியா என்று சின்னக் குழி இருக்கு, கூர்மையான பார்வை முழுக்க அங்கிருந்துதான். அதன் மையத்தில் நீலத்தை உணரும் செல்களே கிடையாது. டிவி பொறியாளர்கள் 1950களிலேயே இதைப் பயன்படுத்திக்கிட்டாங்க. அமெரிக்கக் கலர் டிவியில் கறுப்பு வெள்ளைக்குத்தான் பெரிய பங்கு, வண்ணத்துக்குக் குறைவான இடம். இன்னைக்கும் அதேதான். நீங்க ஓடிடியில் பார்க்கிற 4கே படத்தில் வெளிச்சத் தகவல்தான் 4கே. வண்ணத் தகவல் 1920க்கு 1080 அளவில்தான் வருது. ஏமாத்து இல்லை, உங்க கண் கேட்கிறது அவ்ளோதான்.

சரி, எல்லாத்தையும் ஒரு சோபாவில் உட்கார வைப்போம். 55 இன்ச் டிவி, 8 அடி தூரம். 6/6 கண் பிரிச்சுப் பார்க்கக்கூடிய கோடு சுமார் 965. கேம்பிரிட்ஜ் கணக்குப்படி மிகச் சிறந்த கண்ணுக்கு, நல்ல வெளிச்ச வித்தியாசம் உள்ள அசையாத படத்தில் சுமார் 1500. முழு எச்டி தருவது 1080. 4கே தருவது 2160. அதனால் எச்டிக்கும் 4கே-க்கும் நடுவில் ஒரு சின்ன லாபம் இருக்கு, இல்லைன்னு சொல்லமாட்டேன். 8கே-யின் 4320 கோட்டில் உங்களுக்கு ஒண்ணும் இல்லை. 43 இன்ச்சை 8, 9 அடியில் பார்த்தா 4கே-க்கே வேலை ரொம்பக் கம்மி.

இதெல்லாம் நல்ல கண்ணுக்கு.

சில மாதம் முன்னாடி ஒரு தம்பி, முதுகு வலின்னு வந்த அப்பாவைக் கூட்டிட்டு வந்தார். பேச்சுவாக்கில், "டவுன்ல இஎம்ஐ போட்டு 55 இன்ச் 4கே வாங்கினோம் சார், அப்பாவுக்குப் படம் மங்கலா இருக்காம், சர்வீஸ்காரர் ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டார்" என்றார். அப்பாவுக்கு அறுபத்தைந்து வயசு இருக்கும். டார்ச் அடிச்சா கண்மணி நடுவில் வெள்ளையா தெரியுது. கண் பிரிவுக்கு அனுப்பினேன். வலது கண் 6/60, இடது 6/24. ரெண்டிலும் கண்புரை.

6/24 கண்ணுக்கு அதே சோபா, அதே 55 இன்ச் கணக்கைப் போடுங்க. 965ஐ நாலால் வகுக்கணும். 241 கோடு. 1937ல் தோத்துப்போன பேர்டின் 240 கோடு! வலது கண்ணுக்கு நூறு கோடுகூட இல்லை. மகன் மாசாமாசம் தவணை கட்டுறது 2160 கோட்டுக்கு, அப்பா பார்க்கிறது 1936.

அறுவை சிகிச்சை முடிஞ்சு ஒரு மாசத்தில் வந்தவர் என்கிட்ட முதலில் கேட்டது, "டிவியில கலரை மாத்தி வச்சிருக்கானா தம்பி? எல்லாம் நீலமா இருக்கு." யாரும் மாத்தலை. மஞ்சளாகிப்போன பழைய லென்ஸ் பல வருஷமா நீலத்தை வடிகட்டிக்கிட்டு இருந்தது. அது போனதும் நீலம் திரும்பி வந்திருக்கு. சில வாரத்தில் பழகிடும். அரசு மருத்துவமனையில் உள்ளே வைக்கிற லென்ஸோட சேர்த்து இந்தச் சிகிச்சை இலவசம்.

இன்னொரு விஷயமும் சொல்லணும். கோடு எண்ணிக்கையை விட, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் படத்தை உயிரோட்டமா காட்டும். இதை முதலில் ஒழுங்கா அளந்தவர் ஒரு மருத்துவர் இல்லை. ஆட்டோ ஷேட் என்கிற ஆர்சிஏ டிவி பொறியாளர். 1956ல் அவர் வெளியிட்ட அளவீடுகள் பிற்காலக் கண் ஆராய்ச்சிக்கு அடித்தளமா அமைஞ்சது. 1988ல் வந்த பெல்லி ராப்சன் அட்டையில் எல்லா எழுத்தும் ஒரே அளவு, கீழே போகப் போக வெளிறிக்கிட்டே போகும். கண்புரையின் தொடக்கத்தில் ஸ்னெல்லன் அட்டையைச் சரியா படிச்சுட்டு இந்த அட்டையில் தடுமாறுறவங்க உண்டு. அதனால் டிவிக்குக் கூடுதல் காசு கொடுக்கறதா இருந்தா கறுப்பைக் கறுப்பா காட்டுற திரைக்குக் கொடுங்க. 43 இன்ச்சுக்கு மேல இப்போ பெரும்பாலும் 4கே தான் கடையில் இருக்கு, விலை வித்தியாசமும் பெருசா இல்லை, எடுத்துக்கோங்க. 8கே என்ற ஸ்டிக்கருக்கு மட்டும் பணம் கட்டாதீங்க. நம்ம தமிழ்ச் சேனல்கள் எஸ்டியிலும் எச்டியிலும்தான் வருது.

"கிட்ட உட்கார்ந்தா கண் கெட்டுப்போகுமே?" கெடாது. அந்தப் பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1967ல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் சில கலர் டிவிகளில் அளவுக்கு மீறி எக்ஸ்ரே கசிஞ்சு, திரும்பப் பெற்றாங்க. அது குழாய் டிவி காலம். இப்போ இருக்கிற திரையில் அது கிடையாது. ஆனா பிள்ளை டிவி பக்கத்திலேயே போய் நின்னு பார்த்தா திட்டாதீங்க, கிட்டப்பார்வை இருக்கலாம், பரிசோதிங்க. 4கே கண்ணைப் பாதுகாக்கும் என்பதும், பழைய டிவி கண்ணைக் கெடுக்கும் என்பதும் ரெண்டுமே ஆதாரம் இல்லாத பேச்சு. கண் எரியுதுன்னா இமைக்காம பார்த்திருக்கீங்க, அவ்ளோதான்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி இன்னைக்கு ராத்திரி ஒண்ணு செய்யுங்க. வழக்கமா உட்கார்ற இடத்திலேயே உட்கார்ந்து, வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கிட்டுச் செய்திச் சேனலில் கீழே ஓடுற எழுத்தைப் படிங்க. பிறகு இடது கண்ணைப் பொத்துங்க. வீட்டில் எல்லாரையும், முக்கியமா அம்மா அப்பாவை, செய்ய வைங்க. ரெண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும்போது ஒரு கண் மங்கறது வருஷக்கணக்கா தெரியாமலே போகும். வித்தியாசம் இருந்தா பக்கத்து அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்கு வாங்க. சர்க்கரை நோய் உள்ளவங்க, நல்லாப் படிச்சாலும் வருஷம் ஒருமுறை விழித்திரையைச் சொட்டு மருந்து போட்டுப் பார்த்துடணும். வரும்போது துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க, சொட்டு மருந்து போட்டா சில மணி நேரம் பார்வை மங்கலா இருக்கும், வண்டி ஓட்ட முடியாது.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, டியூட்டி முடிஞ்சு வந்து பதில் போடறேன். எந்த பிராண்டு நல்லதுன்னு மட்டும் கேட்காதீங்க.